வேண்டாத சார்ஜும் வைக்கத் தெரியாத போனும்

செவ்வாய்க்கிழமை காலை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"வணக்கம் மேம். உங்க கார்டுல ஹெல்த் பிளான் ஒண்ணு ஆக்டிவேட் ஆகியிருக்கு. அதுக்கான சார்ஜ் இன்னிக்கு உங்க அக்கவுண்ட்ல இருந்து பிடிச்சுடுவாங்க..."

குரலா அது? அப்படி ஒரு கனிவு. என் சொந்தக்காரர்கள்கூட என்னிடம் இவ்வளவு பிரியமாகப் பேசியதில்லை.

"நான் எந்தப் பிளானும் கேக்கலையேம்மா?"

"அதுக்குத்தான் மேம் கால் பண்ணேன். வேண்டாம்னா நானே கேன்சல் பண்ணித் தரேன். கார்டைக் கொஞ்சம் கையில எடுத்துக்கிறீங்களா?"

"என்கிட்ட கார்டே கிடையாது."

துளியும் கூச்சமில்லாமல் — "அப்போ வீட்ல வேற யார்கிட்ட மேம் இருக்கு?"

வைத்துவிட்டேன். திரும்பவும் கீரை. கோபம்கூட வரவில்லை. ஒரு காலத்தில் இவர்களை வம்புக்கிழுத்து, நாலு கேள்வி கேட்டு, திட்டித் தீர்த்துவிட்டுத்தான் வைப்பேன். இப்போது அதற்கெல்லாம் தெம்பு இல்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் சத்து வேண்டுமே?

யோசித்துப் பாருங்கள். முதலில் லாட்டரி விழுந்திருக்கிறது என்றார்கள். அது ஆசை. பிறகு உங்கள் மேல் கேஸ் இருக்கிறது, வீடியோவில் வந்து உட்காருங்கள் என்றார்கள். அது பயம். இப்போது வருவது உதவி! 'உங்கள் பணத்தை யாரோ எடுக்கப் போகிறார்கள், நான் தடுத்துத் தருகிறேன்' என்று சொல்லிக்கொண்டே எடுக்கிறார்கள். கேன்சல் பண்ண ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்கள் என்பார்கள். அந்த நம்பர்தான் ஓடிபி. கேன்சல் ஆவது நம் சேமிப்பு.

ஏன் நம்புகிறோம்? ஏனென்றால் நிஜமான சார்ஜுகளே நம்மைப் போதுமான அளவு நோகடித்துவிட்டன. மெசேஜ் அனுப்பினால் சார்ஜ். இருப்பு குறைந்தால் சார்ஜ். டிக்கெட் எடுத்தால் வசதிக் கட்டணம் — யாருடைய வசதிக்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இத்தனை சார்ஜுக்கு நடுவே இன்னொன்று முளைத்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால், 'இருக்கும், இருக்கும்' என்றுதானே தோன்றும்?

சரி. என் கதையை விடுங்கள். நான் இன்று சொல்ல வந்தது ஏழுமலையின் கதை.

எங்கள் காட்டுப்பாக்கம் பக்கம் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் சேர், டேபிள், ஷாமியானா எல்லாம் பக்கத்து நூம்பலில் இருந்துதான் வரும். ஏழுமலைதான் அனுப்புவார். அவர் அப்பா காலத்தில் அங்கே நெல் போட்டிருந்தார்கள். அந்த நிலத்தில் இன்று யார் யாரோ வீடு கட்டிக்கொண்டு, அவரிடமே கிரகப்பிரவேசத்துக்குச் சேர் வாடகைக்கு எடுக்கிறார்கள். அதைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. நல்ல பார்ட்டிங்க என்பார்.

ஆனால் அவருடைய முக்கியமான தொழில் சேர் அல்ல. ஐஸ் பெட்டி. இறந்தவரை உறவினர்கள் வந்து சேரும்வரை வைத்திருக்கும் ஃப்ரீசர் பாக்ஸ். வேலப்பன்சாவடி முதல் எங்கள் தெரு முனை வரை கரண்ட் கம்பம், காம்பவுண்டு சுவர் எல்லாவற்றிலும் அவர் போன் நம்பர் ஒட்டியிருக்கும். நல்ல நாளில் அதை யாரும் கண்ணெடுத்துப் பார்க்க மாட்டோம். கெட்ட நாளில் அந்த நம்பர் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

போன மாதம் எங்கள் ஃபிளாட்டில் சங்கக் கூட்டம். முடிந்ததும் சேர்களை எடுத்துப்போக வந்தார். எடுக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன ஏழுமலை, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு இன்னா மேடம், அது நல்லாதான் கீது. நீங்க பத்திரிகைல எழுதுவீங்களே... போன்ல பேசி துட்ட அட்சிகினு போறது... அது எனக்கு நடந்துட்ச்சி."

சொல்லிவிட்டு, ஏதோ தப்புக் காரியம் செய்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

அதே சார்ஜ். அதே கேன்சல். பெட்டியின் கம்ப்ரஸர் ஓய்ந்துகொண்டிருக்கிறது, புதுப் பெட்டி ஒன்று வாங்க வேண்டும் என்று அவரும் அவர் மனைவி கஸ்தூரியும் சிறுகச் சிறுகப் போட்டு வைத்த பணம். துடைத்து எடுத்துவிட்டார்கள்.

எனக்கு ஆறவில்லை. "பேசினவன்மேல சந்தேகமே வரலையா உங்களுக்கு?"

"வந்துட்ச்சி மேடம். நடுவுலயே வந்துட்ச்சி. இன்னாடா இவன் நம்பர் நம்பரா கேக்கறானேன்னு."

"அப்புறம் என்ன? போனை வைக்க வேண்டியதுதானே!"

என்னைப் பார்த்தார். நான் ஏதோ புரியாத பாஷையில் பேசிவிட்ட மாதிரி.

"நான் எப்டி மேடம் வெக்கறது? எனக்கு போன் பண்றவங்க எப்டி பண்ணுவாங்க? ஹலோம்பாங்க. அதுக்கு மேல வாய் வராது. சில பேரு அழுவாங்க. சில பேரு பெட்டின்னு சொல்லவே கஷ்டப்பட்டுகினு வேற எத்தையோ பேசுவாங்க. நானா கேக்க மாட்டேன். அவங்களா சொல்லட்டும்னு லைன்லயே கீறேன். சொல்லி முட்ச்சாலும் இன்னா சொல்லி வெக்கறது? சரி, வரேன்னு சொல்ல முடியுமா? அப்பறம் பாக்கலாம்னு சொல்ல முடியுமா? துக்க ஊட்ல அப்டி சொல்லுவமா? அதான், அவங்களா வெக்கற வரைக்கும் நான் வெக்க மாட்டேன். இத்தினி வருசமா அப்டியே பயகிட்ச்சி."



சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது. நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சொல்லாமல் எழுந்து வந்துவிடுவோம். ஆனால் போனில் சொல்லாமல் எழுந்து வருவது எப்படி? மனிதர் அதற்கு ஒரே வழிதான் வைத்திருந்தார். எதிராளி வைக்கும்வரை காதிலேயே வைத்துக்கொண்டிருப்பது. அந்தத் திருடன் பேசிக்கொண்டே இருந்தான். இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆசையும் இல்லை, பயமும் இல்லை. மரியாதை தெரிந்த பாவத்துக்கு ஒரு மனுஷன் ஏமாந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. சைபர் புகார் எண்ணுக்கு போன் போட்டோம். உடனே போட்டிருந்தால் பணம் போன கணக்கை முடக்கியிருக்கலாம் என்றார்கள். இவர் வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். பேங்கில் கவுன்ட்டரில் இருந்த பெண் எங்களைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, காலையிலிருந்து இதே கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று. "புகார் எண் வாங்கிட்டீங்களா? கொடுத்துட்டுப் போங்க, பார்க்கிறோம்" என்றாள். திட்டக்கூட இல்லை. பாவம், அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது.

அன்று மாலை நூம்பலில் அவர் வீட்டு வாசலில் சேர் அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டு பேருக்கும் பாடம் எடுத்தேன். இந்தப் பத்தியில் வாராவாரம் உங்களுக்கு எழுதியது அத்தனையும்.

அவசரப்படுத்தினால் திருடன். 'லைனைக் கட் பண்ணாதீங்க' என்றால் கட்டாயம் திருடன். நிஜமான சார்ஜ் என்றால் பாஸ்புக்கில் வரும், நேரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம், அதற்குள் ஒன்றும் குடி முழுகிவிடாது. பணத்தைத் திருப்பித் தருவதற்கோ எதையும் கேன்சல் பண்ணுவதற்கோ யாரும் நம்மிடம் ஓடிபி கேட்க வேண்டியதில்லை. லிங்க் அனுப்பினால் தொடாதீர்கள். ஆப் இறக்கச் சொன்னால் இறக்காதீர்கள். முன்பின் தெரியாதவன் 'நான் பணம் போடறேன், கியூஆர் கோடு அனுப்பு' என்று தானாக முன்வந்தால் இன்னும் ஜாக்கிரதை. சந்தேகமா, வைத்துவிட்டு, அந்த இடத்தின் நம்பரை நாமாகத் தேடிக் கூப்பிட வேண்டும். கடைசியாக, தெரியாத நம்பரா... எடுக்கவே எடுக்காதீர்கள்.

கஸ்தூரி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். "கேட்டுக்கய்யா! யக்கா சொல்றாங்க இல்ல? தெரியாத நம்பர் வந்தா எட்க்காத!"

ஏழுமலை மெதுவாகச் சொன்னார். "தெரியாத நம்பர எட்க்கலன்னா எனக்கு இன்னா கஸ்தூரி தொழிலு? தெரிஞ்ச ஊட்லயே எழவு உழுந்துகினு இருக்குமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். அவர் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் அன்றிலிருந்து ஒரே பிரச்சினைதான். போன பணம் போய்விட்டது. இனி அடிக்கிற போனை எடுப்பதா, வேண்டாமா? எடுத்தால் இருப்பதும் போகலாம். எடுக்காவிட்டால், எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு சாவு காத்துக்கொண்டிருக்கலாம்.

கடைசியில் நடுவாக ஒரு வழி கண்டார்கள். எடுப்பது... ஆனால் உஷாராக எடுப்பது. யாரு, எங்கிருந்து, நம்பர் யார் குடுத்தது என்று கஸ்தூரி பக்கத்தில் நின்று கேட்கச் சொல்வாள். அவர் கேட்பார். குரலே மாறிவிட்டது என்று எங்கள் வாட்ச்மேன்கூடச் சொன்னார். "சேர் கேட்டு போன் பண்ணா போலீஸ்காரன் மாதிரி விசாரிக்கிறாரு மேடம்."

நான் அதைக் கேட்டு சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆளையாவது தேற்றிவிட்டோமே!

அப்புறம்தான் போன வாரம் அது நடந்தது.

எங்கள் பின் தெருவில் ஒரு பெரியவர். காலை நடையில் எதிரே வந்தால் சிரிப்பார், நானும் சிரிப்பேன். அவ்வளவுதான் பழக்கம். அவரும் மனைவியும் மட்டும்தான் வீட்டில். ஒரே மகன், புனேயில் வேலை. காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

மகனுக்குத் தகவல் போனது. அவன் அங்கிருந்து நெட்டில் தேடி ஏழுமலையைக் கூப்பிட்டிருக்கிறான். மூச்சு விடாமல் பேசியிருக்கிறான். "அண்ணா, அர்ஜென்ட். காட்டுப்பாக்கத்துக்கு உடனே பாக்ஸ் வேணும். நான் ஊர்ல இல்லை. அட்வான்ஸ் இப்பவே போட்டுடறேன், உங்க கியூஆர் கோடு அனுப்புங்க. சீக்கிரம், ப்ளீஸ், லைன்லயே இருங்க..."

தெரியாத நம்பர். அவசரம். ஊரில் இல்லாத ஆள். தானாகப் பணம் போடுகிறான். கியூஆர் கேட்கிறான். லைனை வைக்காதே என்கிறான். நான் சொல்லிக்கொடுத்த பாடத்தில் ஒன்றுகூடப் பாக்கியில்லை. பக்கத்தில் கஸ்தூரி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுகிறாள்.

"டேய், எவன்டா நீ? எழவ சொல்லியா ஏமாத்தற? வேற ஆளப் பார்ரா!"

சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவராக வைத்த முதல் போன் அதுதான்.

சித்திரை வெயில். அங்கே அந்த அம்மாள் தனியாக உட்கார்ந்திருக்கிறார். பெட்டிக்கு மகனே சொல்லிவிட்டான் என்று நினைத்து நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. நாங்கள் அக்கம்பக்கத்துக்காரர்கள் ஏதோ ஃபேனைப் போட்டு, மீன் கடையிலிருந்து ஐஸ் கட்டி வாங்கிவந்து வைத்து... எழுதவே கஷ்டமாக இருக்கிறது. மகன் மறுபடி தேடிப் பிடித்து, பூந்தமல்லியில் இருந்து வேறொருவர் பெட்டி வந்து சேரும்போது மதியம் தாண்டிவிட்டது.

அது வந்து இறங்குகிற நேரம் பார்த்து ஏழுமலையின் குட்டி யானை லோடு வண்டி அந்தத் தெருவுக்குள் நுழைந்தது. யார் வீட்டுக் காதுகுத்துக்கோ சேர் ஏற்றிக்கொண்டு போகிறார். வாசலில் கூட்டம், வேறொருவருடைய பெட்டி, காலையில் வந்த காட்டுப்பாக்கத்து போன்... பிரேக் போட்டுவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மேடம், இந்த ஊட்டுப் புள்ள வெளியூர்லயா கீறாரு?"

"ஆமா, புனேயில. ஏன்?"

காதுகுத்து வீட்டுச் சேர்களில் பாதியை அங்கேயே இறக்கினார். வண்டியில் இருந்த ஷாமியானாவை எடுத்து வாசலில் கட்டினார். யாரும் கேட்கவில்லை, அவரும் யாரையும் கேட்கவில்லை. மீதிச் சேரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு உடனே திரும்பி வந்து வாசலில் ஓரமாக நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

சாயங்காலம் மகன் வந்து இறங்கினான். உள்ளே போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தான். ஏழுமலை நேராக அவன் முன்னால் போய் நின்றார்.

"தம்பி, காலைல உன்ன போன்ல திட்டனது நான்தாம்பா. ஃபிராடுன்னு நென்ச்சிட்டேன். அப்பன் செத்த புள்ளைய... என்ன நாலு அடிகூட அட்ச்சிடு. தாங்கிக்கறேன்."

அந்தப் பையன் அவரை வெறித்துப் பார்த்தான். நான் பயந்துவிட்டேன். ஆனால் அவன் கத்தவில்லை. அதற்கெல்லாம் அவனிடம் தெம்பு எங்கே?

"விடுங்கண்ணா. நானும் உங்களை ஃபிராடுன்னுதான் நினைச்சேன். நெட்ல இருக்கிற நம்பர், யாரை நம்பறது? அட்வான்ஸை வாங்கிக்கிட்டு அனுப்பலைன்னா? அதான் கியூஆர் கேட்டேன். ஸ்கேன் பண்ணா பேர் சரியா வருதான்னு பார்க்கலாம்னு..."

அப்பா உள்ளே கிடக்கிறார். வெளியே இரண்டு நல்ல மனிதர்கள், ஒருவரையொருவர் திருடன் என்று நினைத்ததற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். எங்கேயோ ஏசி ரூமில் உட்கார்ந்து கனிவாகப் பேசுகிறவர்கள் எடுத்துக்கொண்டு போனது வெறும் பணம் என்றுதான் நான் இவ்வளவு நாளும் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் நூம்பல் போனேன். ஏழுமலை தொழிலையே விட்டுவிடப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. போனால், மனிதர் சேர் துடைத்துக்கொண்டிருக்கிறார். சட்டைப் பையில் ஒரு பழைய பட்டன் போன்.

எல்லாம் கஸ்தூரியின் வேலை. பணமெல்லாம் இனி அவள் பெயரில், அவள் நம்பரில் இருக்கும் பேங்க் கணக்கில். அந்த நம்பர் வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் தெரியாது. கரண்ட் கம்பத்தில் இருக்கிற நம்பர் மட்டும் இந்தப் பட்டன் போனில். அதில் கணக்கும் இல்லை, கார்டும் இல்லை, ஓடிபியும் வராது.

"இப்ப எவன் வேணா பேசட்டும் யக்கா," என்றாள். "இன்னாத்த புடுங்குவான்? இதான்ட ஒண்ணுமே இல்ல. இந்த மனுசன் பாட்டுக்கு யார் பேசனாலும் கேட்டுகினு கெடக்கட்டும். திட்டறதும் சந்தேகப்படறதும் இதுக்கு வராது, நான் வேற அத்த கெட்த்துட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. கெடுத்தது அவள் மட்டுமா?

உங்களில் கடை வைத்திருப்பவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், தையல், சமையல் என்று தெரியாத நம்பரை நம்பியே பிழைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊருக்குக் கொடுக்கும் நம்பரில் பணத்தை வைக்காதீர்கள். தெரியாத நம்பரை எடுக்காதே என்று உங்களுக்குப் புத்தி சொல்கிற என் போன்றவர்களுக்கு மாதம் பிறந்தால் வேறு வருமானம் வந்துவிடும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டன் போன் அடித்தது. தெருவுக்கே கேட்கிற சத்தம். எடுத்தார். மிஷின் குரல், லோன் வேண்டுமா என்கிறது, ஒன்றை அழுத்து என்கிறது. ஏழுமலை கடைசிவரை கேட்டார்.

"மிஷினுக்குக்கூட மரியாத குட்க்குது பாருங்க யக்கா!" கஸ்தூரி தலையில் அடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. மறுபடி எடுத்தார். இந்த முறை எதிர்ப்பக்கம் பேச்சே இல்லை. ஏழுமலை துணியைக் கீழே வைத்தார். "சொல்லும்மா... மெதுவா சொல்லு... லைன்லதான் கீறேன்" என்றார். ஒரு பெண் அழ ஆரம்பித்தாள்.

கஸ்தூரி சாவியை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் ஓடினாள். ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

நான்? சொல்லவே கூசுகிறது... அந்த அழுகை நிஜம்தானா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.